முத்துமீனாவைக் கடைசியாகப் பார்த்தவர்

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

திருநகரில் நான் குடியிருக்கும் மாடி போர்ஷனுக்குக் கீழே, வீட்டுக்காரர் நாகஜோதி அக்கா தனியாக இருக்கிறார். பசுமலையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் குடிவந்த மூன்று வருடத்தில் அவர் மாடிப்படி ஏறி வந்தது இரண்டே தடவை. முதல் தடவை தண்ணீர்த் தொட்டி வழிந்தபோது. இரண்டாவது தடவை, போன ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

“சார், பத்திரிகையில உங்க பேரைப் பாத்தேன். கதையெல்லாம் எழுதுறீகளாமே. எனக்கு ஒரு லெட்டர் எழுதித் தரணும். நாலு நாளா உக்காந்து பாத்துட்டேன், எழுத வரல.”

யாருக்கு என்று கேட்டேன்.

“ஒரு பையனுக்கு. அவங்கம்மா கப்பல்ல காணாமப் போனாக. அதுல நான்...”

அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பான். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. “முழுசா சொல்லுங்கக்கா. முதல்ல கதை மாதிரி எழுதிப் பாப்போம். அதுலேருந்து லெட்டரை எடுத்துக்கலாம்” என்றேன். பொய். கதையிலிருந்து கடிதத்தை வெளியே எடுத்தவர் யாருமில்லை.

அன்று மாலையே முதல் வரியை எழுதினேன்:

கடல் அன்று ஒரு மாபெரும் நீல

இதோடு விட்டுவிட்டேன். நான் மதுரைக்காரன். எனக்குப் பழக்கமான நீர்ப்பரப்பு மாடக்குளம் கண்மாயும், திருவிழாவுக்காக வைகையில் திறந்துவிடும் நாலு நாள் தண்ணீரும்தான். கடலை வர்ணிக்க எனக்கு என்ன யோக்கியதை? அடுத்த வரி:

நாகஜோதி விழித்தபோது எதிர்க்கட்டில் காலியாக இருந்தது.

இதைக் கீழே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். நல்ல தொடக்கம் என்று எனக்கே கொஞ்சம் பெருமை.

“அது பொய்யி சார்” என்றார் அக்கா. “நான் முழிச்சுத்தான் கெடந்தேன்.”

2

ஆகவே மூன்றாவது தொடக்கம். (கதைக்குள் போகிறபோது ‘அக்கா’வை வெளியே விட்டுவிடுகிறேன். ‘அவர்’ என்பதை விட மட்டும் மனம் வரவில்லை.)

சென்னைத் துறைமுகத்திலிருந்து வைசாக் என்கிற விசாகப்பட்டினம் போய்த் திரும்பும் சுற்றுலாக் கப்பல். மதுரையிலிருந்து அழகுராஜா என்பவர் தன் டிராவல்ஸ் மூலமாக முப்பத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். நாகஜோதி, கூட வேலை பார்த்த இரண்டு பேரோடு போவதாக இருந்தது. ஒருவருக்கு மகள் பிரசவம் முன்கூட்டியே வந்துவிட்டது, இன்னொருவருக்கு முழங்கால். நாகஜோதி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார். கட்டிய பெட்டியைப் பிரிப்பது பிடிக்காமல் தனியாகக் கிளம்பினார். அந்தக் கூட்டத்தில் தனியாக வந்த பெண்கள் இரண்டு பேர்தான். இருவரையும் ஒரே அறையில் போட்டார் அழகுராஜா.

மற்றவர்தான் முத்துமீனா. வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அங்கன்வாடி உதவியாளர். ஐம்பத்து மூன்று வயது, கணவர் இறந்து பல வருடமாகிறது. ஒரே மகன் பாண்டிராஜ், கோயம்புத்தூரில் பம்பு செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். கடலைக் கரையிலிருந்து பார்த்தால் போதாது, உள்ளே போய்ப் பார்க்கவேண்டும் என்று அம்மா எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்து டிக்கெட் போட்டான். கூடவே வருவதாகத்தான் இருந்தான். லீவு கிடைக்கவில்லை.

கப்பலில் ஏறிய நிமிஷத்திலிருந்து முத்துமீனா பேசினார்.

“யக்கா, இந்தக் குழாய்ல வர்ற தண்ணி உப்புக் கரிக்கவே இல்லயே. நடுக்கடல்ல நல்ல தண்ணி எங்கிட்டிருந்துக்கா வருது?”

“யக்கா, சாப்பாட்டுக் கூடத்தைப் பாத்தீகளா? இம்புட்டையும் யாருக்கா திம்பா? எங்க சென்டர்ல இருபத்தாறு பிள்ளைக. ஒரு மேசையில இருக்குறதே அதுகளுக்கு ரெண்டு நாளைக்குக் காணாதா?”

“யக்கா, தூங்கிட்டீகளா?”

[இங்கே நிறுத்துகிறேன். இந்த முத்துமீனாவின் மேல் எனக்குச் சந்தேகம். ஒரு கிராமத்துப் பெண்ணைக் கப்பலில் ஏற்றிவிட்டு, அவர் வியப்பதை நின்று ரசிக்கிற என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். இதையும் அக்காவிடம் காட்டினேன். “பேசுனது இதேதான்” என்றார். “ஆனா நீங்க எழுதுன மாதிரி அது வெள்ளந்தி இல்ல. எல்லாம் தெரிஞ்ச பிள்ள. நான் பேசணும்னுதான் ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. நான்தான் ‘ம்’முனு முடிச்சேன்.” மேலே போய்ப் பாருங்கள். முத்துமீனா பேசியதெல்லாம் கேள்விகள்தான். எழுதிய எனக்கே அது தெரியவில்லை.]

நாகஜோதிக்குப் பேச்சு பழக்கமில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்: பால்காரரிடம் இரண்டு, கீரைக்காரம்மாவிடம் நாலு, மிச்சம் போனில் வரும் தம்பி பெண்டாட்டியிடம். ஆட்கள் வேண்டும் என்று ஏங்கித்தான் அவர் அந்தச் சுற்றுலாவுக்கே பேர் கொடுத்தார். ஆள் ஒருத்தி பக்கத்துக் கட்டிலில் வந்து உட்கார்ந்ததும் தாங்க முடியவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம், முத்துமீனா மகனின் பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாகஜோதி சொன்னார்:

“கொஞ்ச நேரம் பேசாம இருக்கீகளா? தலை வலிக்குது.”

“சரிக்கா” என்றார் முத்துமீனா. அதற்குப் பிறகு பேசவில்லை. கோபமெல்லாம் இல்லை. நாகஜோதியின் தம்ளரையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

விடியற்காலை ஐந்தே காலுக்கு நாகஜோதி விழித்துத்தான் கிடந்தார். முத்துமீனா எழுந்து சேலையைச் சரிசெய்வது கேட்டது. பிறகு கட்டிலருகே வந்து, ரொம்ப மெதுவாக:

“யக்கா, மேல போவமா? விடியிறதப் பாத்துட்டு வருவோம்.”

நாகஜோதி கண்ணைத் திறக்கவில்லை. மூச்சை மட்டும் தூங்குகிறவர் மாதிரி இழுத்துவிட்டார். முத்துமீனா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவைச் சாத்தினார். தூங்குகிற ஆளை எழுப்பிவிடக்கூடாது என்று சாத்துகிற கதவு.

ஐந்து இருபதுக்கு மாடிப்படியில் இருந்த கேமராவில் அவர் ஏறுவது பதிவாகியிருக்கிறது. மேல்தளத்தின் கேமரா பாதித் தளத்தைத்தான் பார்க்கும். ஐந்து முப்பத்தொன்றுக்கு அவர் அந்தப் பாதியிலிருந்து மறுபாதிக்கு நடந்து போகிறார். அவ்வளவுதான். அதன் பிறகு முத்துமீனாவை யாரும் பார்க்கவில்லை.

எட்டு மணிக்குக் கப்பல் வைசாக்கில் நின்றது. சுற்றுலாக் கூட்டம் ஊர் பார்க்க இரண்டு பஸ்களில் போனது. ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்குத் திரும்பியபோதுதான், முத்துமீனா எந்தப் பஸ்ஸிலும் வரவில்லை, எந்தப் பஸ்ஸிலும் போகவும் இல்லை என்று தெரிந்தது. கப்பல் முழுக்கத் தேடினார்கள். கடலோரக் காவல் படகுகள் இரண்டு நாள் சுற்றின. கைப்பை அறையிலேயே இருந்தது. போனும், கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த கப்பல் அட்டையும் மட்டும் இல்லை.

அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அறைக் கதவைத் திறப்பது அதுதான். கரையில் இறங்கவும் திரும்ப ஏறவும் வாசலில் அதைத்தான் காட்டவேண்டும். அட்டை இல்லாமல் யாரும் இறங்க முடியாது.

3

ஒரு ஆள் செத்துப்போனால் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். காணாமல் போனால் விளக்கம் சொல்ல வருகிறார்கள்.

கப்பல் அதிகாரிகள், அவர் தவறி விழுந்திருக்கவேண்டும் என்றார்கள். ஆனால் முத்துமீனாவின் உயரத்துக்குத் தடுப்புக் கம்பி நெஞ்சு வரைக்கும் வரும். ஏறினால்தான் விழ முடியும். சென்னையில் விசாரித்த போலீஸ்காரர் ஒருவர், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மகனிடம் மூன்று விதமாகக் கேட்டார். ஊரிலோ கேட்கவே இல்லை. மகன் தனியாக அனுப்பிவிட்டான், தாய் மனசு விட்டுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். அழகுராஜா மட்டும் அடித்துச் சொன்னார்: அந்தம்மா வைசாக்கில் இறங்கிப் போய்விட்டது. காலையில் கால்மணி நேரம் வாசல் மெஷின் வேலை செய்யவில்லை, அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் ஆட்களை விட்டார்கள். அட்டையும் காணோம், போனும் காணோம், வேறென்ன வேண்டும்? இப்படி நடந்திருந்தால் தன் டிராவல்ஸின் மேல் பாரம் குறையும் என்பதும் அதில் இருந்தது. இருந்தாலும் மற்ற எல்லா விளக்கங்களிலும் முத்துமீனா இறந்துபோனார். இதில் மட்டும்தான் உயிரோடு இருந்தார்.

பிறகு ஒருவர் இதை வீடியோவாகப் போட்டார். பதினெட்டு நிமிஷம், பயமுறுத்தும் இசை, சிவப்பு அம்புக்குறிகள். கீழே நானூறு பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: கூடத் தங்கியிருந்த பொம்பளையை முதல்ல விசாரிங்க. நாகஜோதி அதைப் படித்துவிட்டு போனைக் குப்புறப் போட்டார். இரண்டு நாள் திருப்பவில்லை.

(நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். ரொம்ப நேர்த்தியாகச் செய்திருந்தார்கள். என்னுடையதைவிட விறுவிறுப்பாக இருந்தது.)

4

பாண்டிராஜ் முதல் தடவை திருநகருக்கு வந்தது சம்பவம் நடந்து இருபது நாள் கழித்து, ஒரு இரண்டாம் சனிக்கிழமை. ஒல்லியாக, சட்டையை உள்ளே விட்டு, கையில் நோட்டோடு வந்தான்.

“மேடம், நீங்கதான் எங்கம்மாவக் கடைசியாப் பாத்தது. என்ன பேசுனாங்கன்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல.”

நாகஜோதி தெரிந்ததைச் சொன்னார். தண்ணீர் உப்புக் கரிக்காதது, இருபத்தாறு பிள்ளைகள், மகனின் பள்ளிக்கூடக் கதை. அவன் சிரித்தான், அழுதான், எழுதிக்கொண்டான். பேசாமல் இருக்கச் சொன்னதை அவர் சொல்லவில்லை. விடியற்காலைக் கேள்வியையும் சொல்லவில்லை. அசந்து தூங்கிவிட்டதாகச் சொன்னார், போலீஸிடம் சொன்னது போலவே.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமையும் வந்தான். “வேற ஏதாச்சும் ஞாபகம் வந்துச்சா மேடம்?”

ஒன்றரை நாளில், பாதி நேரம் ‘ம்’ போட்டவருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்? சரக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் அவன் வந்து உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டின் இரண்டாவது நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். நாகஜோதி ஒரு வார்த்தையைச் சேர்த்தார். “உனக்குப் பொண்ணு பாக்கணும்னு சொன்னாக.” அது பொய்யும் இல்லை, எந்தத் தாயும் சொல்லக்கூடியதுதான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அடுத்த மாதத்துக்கும் ஒன்று யோசித்து வைத்தார்.

நாலாவது மாதம் அவன் “பெரியம்மா” என்று கூப்பிட்டான். அம்மா ‘அக்கா’ என்று கூப்பிட்டவர்தானே.

முப்பத்து மூன்று வருடம் மாணவர்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னவர் நாகஜோதி: ஊசல் எத்தனை ஆடுச்சோ அதை எழுது, எத்தனை ஆடணுமோ அதை எழுதாத. இப்போது மாதம் முழுக்க உட்கார்ந்து, முத்துமீனா என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று யோசித்தார். வெண்டைக்காய் நறுக்கும்போது ஒரு பேச்சு தோன்றும். “இது நல்லாருக்கே” என்று சத்தமாகவே சொல்வாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. என்னால் அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. மாடியில் உட்கார்ந்து நான் செய்வதும் அதுவேதான். என்ன, என் நாற்காலிக்கு எதிரே யாரும் வந்து உட்காருவதில்லை.

பத்தாவது மாதம் ஒரு பேச்சு கொஞ்சம் அழகாக வந்துவிட்டது.

“வைசாக்ல ஒரு மலை கடலுக்குள்ள இறங்குதாம்ல. அந்த அடிவாரத்துல ஒரு குடிசை இருந்தாப் போதும்க்கா, யாருக்கும் பாரமில்லாம இருந்துக்கிடலாம். அப்படின்னு சொன்னாகப்பா.”

பாண்டிராஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். “பாரமில்லாமன்னா சொன்னாங்க?”

நாகஜோதி தலையாட்டினார்.

பதினெட்டு நாள் கழித்து ரயில் சத்தத்துக்கு நடுவே போன் வந்தது. “பெரியம்மா, வைசாக் வந்துட்டேன். ஒரு மாசம் லீவு போட்டிருக்கேன். குடுக்க மாட்டேன்னாங்க, வேலைய விட்டுருவேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க சொன்ன அந்த மலைப்பக்கம்தான் தேடப்போறேன். நோட்டீஸ் அடிச்சாச்சு.”

அதற்குப் பிறகு நாலு நாள் கடிதம் எழுத உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அவர் என் மாடிப்படி ஏறினார்.

5

கடிதத்தின் வரைவுகள்:

அன்புள்ள பாண்டிராஜுக்கு, நலம், நலமறிய

தம்பி, நான் உன்னிடம் ஒரு பொய், ஒன்று அல்ல, எட்டு ஒன்பது

உன் அம்மா அந்த மலையைப் பற்றி எதுவும்

மூன்றாவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “மலைய மட்டும் சொன்னாப் பத்தாது சார்” என்றார். “அவன் நம்பமாட்டான். அம்மா சொல்லாட்டாலும் இறங்கிப் போயிருப்பாகன்னு தேடுவான்.” எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம். திரும்பி வந்து மேசைமேல் ஒன்றை வைத்தார். நீலநிற வார், நெகிழி அட்டை, சிறிய புகைப்படம். முத்துமீனா.

நடந்தது இது. முத்துமீனா போன பிறகு நாகஜோதி எழுந்து அறை விளக்கைப் போட்டார். சத்தமே இல்லை. பல் தேய்த்தார், காபி வரவழைத்துக் குடித்தார், வட்டமான ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பயணத்திலேயே அவருக்குச் சுகமாக இருந்த நேரம் அதுதான். ஏழாயிற்று, எட்டாயிற்று. ஒன்பதுக்கு அறை போன் அடித்தது. அழகுராஜா.

“அம்மா, பஸ்ஸு கிளம்புது. முத்துமீனாம்மா அங்கயா இருக்காக?”

கதவருகே கொக்கியில் முத்துமீனாவின் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

“தலை வலிக்குது, நான் வரல. அவுக அப்பவே கிளம்பிட்டாக.”

இல்லை என்று சொல்லியிருந்தால் தேடப் போகவேண்டியிருக்கும். கூட்டி வந்தால் மறுபடி பேச்சு. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். இவ்வளவுதான் அவர் நினைத்தது. முத்துமீனா மற்ற பஸ்ஸில் ஏறியிருப்பார் என்று அழகுராஜா விட்டுவிட்டார். யாரும் தேடாமல் நாலரை மணி நேரம் போனது.

ஒன்றரைக்கு வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டதும், கொக்கியில் தொங்கும் அட்டை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பட்டது. எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர்கள் உள்ளே வரும்போது கொக்கி காலியாக இருந்தது.

அழகுராஜாவின் விளக்கத்துக்கு இருந்த பெரிய ஆதாரம் அந்தக் காலிக் கொக்கி. பாண்டிராஜ் வேலையைப் பணயம் வைத்துத் தெலுங்குதேசத்துத் தெருக்களில் அலைவதும் அதை நம்பித்தான்.

நான் என்ன செய்தேன்? ‘இது கதையையே மாற்றிவிடுகிறதே’ என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கவேண்டும்.

6

மூன்று முடிவுகள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதலாவதில் கடிதம் போகிறது. பாண்டிராஜ் படிக்கிறான், கடற்கரையில் உட்கார்ந்து அழுகிறான், மன்னித்துப் பதில் எழுதுகிறான். அக்கா சொன்னார்: “லெட்டர்னா அவன் மூஞ்சியப் பாக்க வேணாம்ல. அதுக்குத்தான் நான் லெட்டரு கேட்டேன். அதான் நல்லால்ல.”

இரண்டாவதில் முத்துமீனா கிடைத்துவிடுகிறார். மலையடிவாரத்தில், மீனவக் குடியிருப்பில், பிள்ளைகள் இருபது பேருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார். மகனைப் பார்த்ததும், “சாப்பிட்டியாப்பா?” என்கிறார். இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அக்கா மூன்று தடவை படித்தார். தாளை மடித்து என் கையில் கொடுத்து, “இத அவன்கிட்டக் காட்டிராதீக சார். நம்பிருவான்” என்றார்.

மூன்றாவது, மேல்தளத்தில் நடந்தது. கேமரா பார்க்காத அந்த மறுபாதி.

முத்துமீனா கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தார். அப்போது

முத்துமீனா கம்பியின் கீழ்ப்படியில் காலை வைத்து, இன்னும் கொஞ்சம் உயரத்தில்

முத்துமீனா

இதை நான் ஐந்து தடவை எழுதினேன். தவறி விழவைத்தேன். குதிக்கவைத்தேன். ஒரு தடவை, வெட்கத்தோடு சொல்கிறேன், யாரோ ஒருவனைப் பின்னால் வரவைத்தேன். ஐந்தையும் கிழித்தாயிற்று. அந்தப் பெண் சூரியனைப் பார்க்கத்தான் மேலே போனார். அங்கே அவர் என்ன செய்தார் என்பதை நான் தீர்மானிப்பதற்கு, பதினெட்டு நிமிஷ வீடியோ போட்டவருக்கு இருக்கும் உரிமைகூட எனக்கு இல்லை. அவராவது அதை உண்மை என்று நம்பிப் போட்டார்.

மறுநாள் காலையில் கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. என் கதவிடுக்கில் ஒரு சீட்டு: ‘வைசாக் செல்கிறேன். மோட்டாரைக் காலை ஆறு மணிக்குப் போட்டு ஆறே காலுக்கு நிறுத்தவும்.’

7

இனி வருவது அவர் திரும்பி வந்து சொன்னது. இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. (சேர்க்கவில்லை என்று சொல்வதற்கு முன் மூன்று இடங்களில் சேர்த்ததை அடித்துவிட்டேன்.)

வைசாக் ஸ்டேஷனுக்கே பாண்டிராஜ் வந்திருந்தான். தாடி விட்டிருந்தான். கையில் பசை வாளி, தோளில் நோட்டீஸ் பை. அவரைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “தேடுறதுக்கு ஒத்தாசைக்கா பெரியம்மா வந்தீங்க? இந்த வயசுல?” என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். வழியெல்லாம் பேசினான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாற்பது தெரு பார்த்தாயிற்றாம். ஒரு டீக்கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, பார்த்த முகம் மாதிரி இருக்கிறது என்றாராம்.

கடற்கரைச் சாலையில் ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாகஜோதி பையிலிருந்து அட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

அவன் முதலில் சிரித்தான். “இது எங்க கிடைச்சுச்சு?”

“எங்கிட்டதான்யா இருந்துச்சு. அன்னைக்கிலருந்தே.”

எல்லாவற்றையும் சொன்னார். பேசாமல் இருக்கச் சொன்னது, கண்ணை மூடிக் கிடந்தது, போனில் சொன்ன பொய், கொக்கி. மலையும் குடிசையும், பெண் பார்க்கச் சொன்னதிலிருந்து எல்லாமே, தானே கட்டியவை என்பதையும் சொன்னார். அவன் கடைசியில் கேட்டான்:

“அஞ்சே காலுக்குக் கூப்பிட்டாங்க?”

“ஆமா.”

“அட்டைய எடுக்காமத்தான் போனாங்க?”

“ஆமாய்யா.”

“அட்டை இல்லாமப் போனா திரும்பி வரும்போது ரூமுக்குள்ள எப்படி வருவாங்க?” அட்டையைத் திருப்பிப் பார்த்தான். “அப்ப திரும்பி வர்ற நெனப்பே இல்லயா?”

நாகஜோதி பதினோரு மாதமாக ராவும் பகலும் யோசித்த கேள்வி அது. அதற்கு ஒரு அழகான பதிலை அவர் தயார் செய்யவில்லை.

“நான் உள்ளதான இருந்தேன்” என்றார். “தட்டுனாத் திறப்பேன்னு நெனச்சிருப்பாக.”

அவன் எழுந்துபோய்க் கொஞ்ச தூரத்தில் மணலில் உட்கார்ந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. வெயில் ஏறியது. ஐஸ் வண்டிக்காரன் வந்து போனான். நாகஜோதி பெஞ்சைவிட்டு அசையவில்லை. கூப்பிடவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து அவன் மணலைத் தட்டிக்கொண்டு வந்தான். வாளியை எடுத்தான்.

“இன்னும் பதினாலு நோட்டீஸ் இருக்கு.”

“இனிமே எதுக்குய்யா?”

“எல்லாம் தெலுங்குல அடிச்சது. ஊருக்குக் கொண்டு போயி என்ன பண்றது?”

அவன் பசை தடவினான், அவர் தாளை நீவிவிட்டார். பதினாலு சுவர்களில் முத்துமீனாவை ஒட்டினார்கள், அந்த ஊர் மண்ணை ஒரு நாளும் மிதிக்காதவரை. ஒவ்வொரு தடவையும் முகத்தில் காற்றுக்குமிழி இல்லாமல் நீவவேண்டியிருந்தது. அப்போதுதான் அவர் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாராம். கப்பலில் பார்த்ததே இல்லை. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. “இது எப்படி ஆச்சு?” என்று கேட்டார். அவன் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டான்.

8

திரும்பி வரும் வழி நெடுக அவன் பேசவில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்தான், பெட்டியை மேலே தூக்கி வைத்தான். சென்னையில் ரயில் மாறும்போது படியில் கை கொடுத்தான். ‘பெரியம்மா’ என்று கூப்பிடவில்லை. ‘மேடம்’ என்றும் கூப்பிடவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஒரு ஆளுக்கு எல்லாம் செய்ய முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டதாக அக்கா சொன்னார்.

எழும்பூரிலிருந்து பகல் ரயில், ஏசி பெட்டி. பொழுது சாயும் நேரத்தில் திண்டுக்கல். சென்னையிலிருந்தே கோயம்புத்தூருக்கு நேர் ரயில் இருந்தும் கூட வந்தவன், அங்கே இறங்கிப் பஸ் பிடிக்கவேண்டும். தோள்பையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய்விட்டான். அவ்வளவுதான் என்று நாகஜோதி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தபோது அவன் பிளாட்பாரத்தில், ஜன்னலுக்கு வெளியே நின்றான். அந்தக் கண்ணாடியில் உள்ளேயிருந்து வெளியே தெரியும்; வெளியிலிருந்து உள்ளே தெரியாது. அவர் எந்த இருக்கை என்று தோராயமாகக் கணக்குப் போட்டு, பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தப்பான ஜன்னலைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். ஒரே வார்த்தை. ரயில் நகர்ந்தது.

“என்னக்கா சொன்னான்?” என்று கேட்டேன்.

“வாரேன்னும் இருக்கலாம். போறேன்னும் இருக்கலாம். பார்சல் வண்டி ஒண்ணு குறுக்க போச்சு சார். வாயைப் பாக்க முடியல.”

நம் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து கிளம்புகிற ஆள் இந்த இரண்டில் எதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. இன்றைக்குப் பதினோரு நாள் ஆகிறது. அவன் போன் செய்யவில்லை. இவரும் செய்யவில்லை, செய்வதற்குத் தனக்குப் பாத்தியதை இல்லை என்கிறார். முத்துமீனாவின் வழக்கு சென்னையில் ஒரு கட்டுக்குள் அப்படியே இருக்கிறது. பாண்டிராஜ் போலீஸிடம் அட்டையைக் கொடுப்பானா, கொடுத்தால் அக்கா என்ன ஆவார் என்பதும் தெரியாது. தானே போய்ச் சொல்லிவிடுவதாக நேற்று சொன்னார். நான் கூட வருவதாகச் சொன்னேன். “உங்களுக்கு எதுக்கு சார் அலைச்சல்?” என்றார். கொஞ்சம் கழித்து, “வாங்க” என்றார்.

கதையைப் பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய நாள் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்கான இடத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒன்றை எழுதினால் அக்காவுக்கு நல்லவனாகிறேன், இன்னொன்றை எழுதினால் முத்துமீனாவுக்கு. இரண்டையும் அழித்துவிட்டேன்.

திண்டுக்கல் பிளாட்பாரம். சாயங்கால வெளிச்சம். தாடி வளர்ந்த ஒல்லிப் பையன் ஒருவன், ஆள் தெரியாத கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறக்கிறான். உள்ளே ஒருவர் காதைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார். அவன் சொல்வது: